கரையோரமாகவே 12 நகரம்: சரிவருமா?

சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தைப் பற்றிக் கிண்ணியாத் தம்பி ஒருவரின் கேள்வி: “அண்ணன், சிவிலைசேஷன் 6 இல் உள்நாட்டுப் பக்கமே போகாமல் கரையோரமாகவே 12 நகரம் வைத்து வெல்லலாமா? 4 நகரத்தைப் பெரிசா வளர்க்கிறதுதான் சரி என்று கூட்டாளிமார் சொல்லுறாங்க. நான் கிங் லெவலில் விளையாடுறன்.”

2023 ஓகஸ்ட் 6, இரவு

வெல்லலாம் தம்பி. 4 நகரத்தைப் பெரிதாக வளர்ப்பது 5 ஆம் பாகத்துப் பழக்கம். அதிலே ஒவ்வொரு புது நகரமும் நாடு முழுவதற்கும் 3 மகிழ்ச்சிக் குறைவைக் கொண்டுவரும், அதனால் பயந்து பயந்து வைத்தோம். 6 இல் அந்தப் பொதுக் கணக்கு இல்லை. நகரம் கூடக் கூட டிஸ்ட்ரிக்ட் (துறைமுகம், கல்விக்கூடம் போன்ற தனிப் பகுதிகள்) கூடும், வணிகப் பாதை கூடும். உங்கள் கூட்டாளிமார் பழைய பாகத்திலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். இரண்டு நகரங்களின் நடுக்கட்டத்துக்கு இடையே மூன்று கட்டம் விட்டால் போதும், நாலாவதில் அடுத்த நகரத்தை வைக்கலாம். அந்தக் கணக்கில் கரையைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் முதல் வேலை துறைமுகம், அதற்குள் வெளிச்சவீடு. வெளிச்சவீடு எழும்பினால் ஒரு வணிகப் பாதை கூடும். 12 நகரம் என்றால் 12 பாதை. பொன் கொட்டும்.

2023 ஓகஸ்ட் 7, காலை

ராத்திரி நித்திரைத் தூக்கத்தில் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. துறைமுகத்தை நகர நடுவோடு ஒட்டி வையுங்கள். ஒட்டினால் 2 பொன், பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு மீன், நண்டு, முத்துக் கட்டத்துக்கும் இன்னும் 1. வணிக மையத்தையும் அந்தத் துறைமுகத்தோடு ஒட்டினால் அதற்கும் 2. நடு, துறைமுகம், மையம் மூன்றும் முக்கோணமாக நிற்க வேண்டும். இடத்தை முதலே தாளில் கீறிவிட்டுத்தான் நகரத்தை வைக்க வேண்டும், வைத்த பிறகு தேடினால் கிடைக்காது.

2023 ஓகஸ்ட் 7, மாலை

மூதூர் மச்சான் கேட்கிறான்: “அப்போ ஆறு வேண்டாமா?” நியாயமான கேள்வி. நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் நகரம் வைத்தால் 5 வீட்டுவசதி. வெறும் கடற்கரை என்றால் 3. இரண்டும் இல்லையென்றால் 2. உப்புத் தண்ணீருக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை ஊரிலே கிணறு தோண்டினவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. திருகோணமலையில் எங்கள் உப்புவெளி வளவில் இரண்டு கிணறு. ஒன்றின் தண்ணீரை ஆடுகூடக் குடிக்காது.

ஆறு கடலில் விழுகிற வாயில் வைக்க முடிந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்தை நினைத்துப்பார் மச்சான், நீ இருக்கிறதே அப்படியான இடத்துக்குப் பக்கத்தில்தான்.

2023 ஓகஸ்ட் 12

முதல் குறிப்பில் நான் சொன்னதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. தம்பி தன் சேவ் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தார். ஐஸ் கொம்பனியில் வேலை முடித்துவிட்டு வந்து இருந்து பார்த்தேன். 9 நகரம் வைத்திருக்கிறார், நான் சொன்ன அதே கணக்கில், அச்சடித்த மாதிரி. எல்லாமே நோஞ்சான். ஒரு வெளிச்சவீடு கட்டவே இருபது சுற்றுக்கு மேல் காட்டுகிறது.

காரணம் கண்ணுக்கு முன்னே கிடக்கிறது. கரைக்கடல் கட்டம் ஒன்று 1 உணவு, 1 பொன்தான் தரும். உற்பத்தி பூச்சியம். மீன் இருந்தால் உணவு கூடும், படகு வைத்தால் இன்னும் கூடும், ஆனால் சுத்தியல், அதாவது உற்பத்தி, வராது. நான் விளையாடிய வரைபடங்களில் கரையை ஒட்டியே குன்றுகள் இருந்தன. அதை நான் என் திறமை என்று நினைத்துவிட்டேன். தம்பியின் கரை நெடுக மணலும் புல்லும்.

தம்பி, பொறுத்துக்கொள்ளுங்கள். என் பேச்சைக் கேட்டு ஒரு கிழமை விளையாடியிருக்கிறீர்கள்.

2023 ஓகஸ்ட் 13

திருத்தம், இந்த முறை யோசித்து எழுதுகிறேன். கரையில் இடம் தேடும்போது கடலைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். நடுக்கட்டத்திலிருந்து மூன்று வளையம்வரை மக்கள் வேலை செய்வார்கள். அந்த மூன்று வளையத்துக்குள் குன்று இரண்டு மூன்றாவது இருக்கிறதா, வெட்ட மரம் இருக்கிறதா? இருந்தால் வையுங்கள். நடுவையே சமவெளிக் குன்றில் வைத்தால் தொடக்கத்திலேயே 2 உணவு, 2 உற்பத்தி. மீன் மூன்று இருந்தும் முதுகு வெறும் மணல் என்றால் கடந்து போங்கள், அல்லது கடைசியாக வையுங்கள்.

காடு இருந்தால் அதைத் துறைமுகத்துக்காக வைத்திருந்து வெட்டுங்கள். மாக்னஸை ஆளுநராக அந்த நகரத்தில் இருத்தினால் வெட்டுவதில் வருவது 50% கூடும். ஒரு காடு, ஒரு வெளிச்சவீடு. அதுவரை முனகிக்கொண்டிருந்த நகரம் எழும்பி நடக்கும்.

2023 ஓகஸ்ட் 13, சற்றுப் பிறகு

“உங்கட ஊரைப் பற்றிச் சொல்லுறீங்களோ?” என்று மட்டக்களப்பு அண்ணன் ஒருவர் கேட்டார். ஓம் அண்ணன், அதையும்தான் நினைத்தேன்.

உலகத்திலேயே பேர்போன ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் எங்கள் திருகோணமலையும் ஒன்று. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காக அடிபட்டார்கள். ஆனால் வணிகத் துறைமுகமாக வளர்ந்தது கொழும்பு. கோப்பியும் தேயிலையும் விளைந்த மலை கொழும்புக்குப் பின்னால் இருந்தது. அங்கே கடல் திறந்து கிடந்தது, அலைதடுப்பு கட்டாமல் கப்பல் நிம்மதியாக நிற்க முடியாது. 1875 இல் அடிக்கல் வைத்துக் கல்லைக் கொட்டிக் கட்டினார்கள். எங்களுக்கு ஒரு கல்லும் கொட்டத் தேவையிருக்கவில்லை, ஆனால் முதுகிலே காடும் வரண்ட நிலமும். அதனால் இது கடற்படைத் தளமாகவே 1957 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. சீனக்குடாவில் அவர்கள் கட்டின எண்ணெய்த் தாங்கிகளும் கப்பலுக்காக, ஊருக்காக அல்ல.

சின்ன வயதிலிருந்து “எங்கட துறைமுகத்தைப் போல வேறில்லை” என்று கேட்டு வளர்ந்தவன் நான். அது உண்மை. துறைமுகம் மட்டும் போதாது என்பதும் உண்மை, அதை எனக்கு விளங்கப்படுத்தியது தம்பியின் சேவ் கோப்பு.

2023 ஓகஸ்ட் 27

சீ.ஆர். கொப்பியில் அறுகோணக் கட்டம் கீறி, நகரங்களுக்குப் புளியங்கொட்டை வைத்துத் திட்டம் போடுவது என் வழக்கம். கடலுக்கு நீலப் பென்சில், குன்றுக்கு ஒரு சின்னக் கூரை. நேற்றுத் தங்கச்சியின் மகள் வந்து பக்கத்தில் குந்தியிருந்தாள். எட்டு வயது. நான் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் கரையில் இருந்த மூன்று கொட்டையைத் தூக்கி உள்ளே தள்ளி வைத்துவிட்டாள். ஏனடி என்று கேட்டால், “மாமா, இவங்களுக்கு விறகு எங்கால வரும்?” என்றாள்.

அவள் வைத்த இடத்தை எண்ணிப் பார்த்தேன். கரையிலிருந்து இரண்டு கட்டம் உள்ளே, ஆற்றோரம், சுற்றிவரக் குன்று ஐந்து. அங்கே நின்றுகொண்டே கடல் கட்டம் மூன்றாம் வளையத்துக்குள் வருகிறது. கரையோர நகரம் என்றால் கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? நகரத்தின் எல்லைக்குள் நிலத்தை ஒட்டிய கடல் கட்டம் ஒன்று இருந்தால் உள்ளே தள்ளியிருக்கிற நகரமும் துறைமுகம் கட்டலாம். இது எனக்குத் தெரிந்த விதிதான். தெரிந்தும் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

2023 ஓகஸ்ட் 29

அவள் வைத்தபடியே விளையாடிப் பார்த்தேன். எட்டு கரை நகரம், மூன்று உள்ளே தள்ளியது. உள்ளே இருக்கிறவை செட்லரும் (புது நகரம் வைக்கப் போகிற ஆட்கள்) கப்பலும் செய்து கொடுக்க, கரையில் இருக்கிறவை பொன்னும் உணவும். உள்நாட்டு வணிகப் பாதையைத் துறைமுகம் உள்ள நகரத்துக்கு விட்டால், அனுப்புகிற நகரத்துக்கு உணவோடு உற்பத்தியும் வரும், துறைமுகத்துக்காகவே 1 உற்பத்தி கூடும். புதிதாக வைத்த நோஞ்சான் நகரத்திலிருந்து பழைய பெரிய நகரத்துக்கு விடுங்கள். பலர் மாறி விடுகிறார்கள். பயன் அனுப்புகிறவருக்குத்தான்.

வணிகர் கடலில் இறங்க வான்வழிகாட்டல் என்ற கல்வியை (ஆட்டத்திலே தொழில்நுட்பம்) கற்றிருக்க வேண்டும். துறைமுகமும் அதோடுதான் வரும். இரண்டு கடல் வளத்தில் படகு வைத்தால் அந்தக் கல்விக்கு யுரேக்கா (கற்கிற காலத்தைக் குறைக்கிற ஊக்கம்) கிடைக்கும், எனவே முதல் பில்டரை (படகும் வயலும் அமைக்கிற வேலையாள்) மீனுக்கு அனுப்புவதில் நட்டமில்லை. பாய்மரக் கல்விக்குக் கரையில் ஒரு நகரம் இருந்தாலே யுரேக்கா.

கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009 இல். அதற்குமுன் பாதையில் (ஆட்களையும் சாமானையும் ஏற்றுகிற மிதவை) ஏறித்தான் போய்வந்தோம், மோட்டார் சைக்கிள், மரக்கறி மூட்டை, ஆடு எல்லாம் ஒன்றாக. பாதை அந்தப் பக்கம் நின்றால் இந்தப் பக்கம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். வணிகர் கடலில் இறங்க முடியாத அந்த முதல் 40, 50 சுற்றுக்களில் எனக்கு அந்த இறங்குதுறைதான் நினைவுக்கு வரும்.

2023 செப்டெம்பர் 10

விலை பற்றி. செட்லர் முதலாவது 80 உற்பத்தி, செய்யச் செய்ய விலை ஏறும். 12 நகரம் என்ற எண்ணத்தை விட முடியாதென்றால், செட்லருக்கு 50% கூட்டுகிற கொலொனைசேஷன் கொள்கை அட்டையைக் கெதியாகப் போடுங்கள், போட்டிருக்கும்போது மட்டும் செட்லர் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிக்ட்டுக்கும் விலை ஏறும், கல்வி கூடக் கூட. ஆனால் இடத்தைக் குறித்து அடித்தளம் போட்ட நேரத்து விலை அப்படியே நிற்கும். நகரம் பிறந்த சுற்றிலேயே துறைமுகத்துக்கு இடம் போட்டுவிட்டு, பிறகு வேறு வேலை செய்யலாம். எங்கள் அப்பாவுக்கு மீன் வாடி அடிக்கிற இடத்தில் பருவம் தொடங்க முன்னமே போய் நாலு கம்பு நட்டுவிட்டு வருகிற பழக்கம் இருந்தது. அதேதான் இது.

2023 செப்டெம்பர் 11

அமெனிட்டி, அதாவது நகரத்து ஆட்களின் திருப்தி, பற்றித் தம்பி கேட்டார். ஒரு சொகுசு வளம் 4 நகரத்துக்குத்தான் போதும். 12 நகரத்துக்கு ஒரேயொரு வளத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. முத்து, திமிங்கலம், ஆமை இருக்கிற கடலை முதலில் பிடியுங்கள். இரண்டு முத்து இருந்தால் ஒன்றை விற்று வேறொன்றை வாங்குங்கள், ஒரே வளம் இரண்டு இருந்து பயனில்லை.

2023 ஒக்டோபர் 1

ஒரு நகரம் கைவிட்டுப் போயிற்று. நீரிணைக்கு அந்தப் பக்கம், அழகான இடம், பவளப்பாறை இரண்டு. பவளப்பாறைக்குப் பக்கத்தில் கல்விக்கூடம் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2 அறிவியல், அந்த ஆசையில் வைத்தேன். புறாமலைப் பக்கம் படகில் போய்க் கண்ணாடி மாட்டி அந்தப் பாறையைப் பார்த்தவர்களுக்கு என் ஆசை விளங்கும். பக்கத்து நாட்டுக்காரனின் பெரிய நகரம் 5 கட்டத்தில் இருந்தது. விசுவாசம் (நகரம் எங்களோடு நிற்கிற அளவு) சுற்றுக்குச் சுற்று இறங்கி, பத்துச் சுற்றுக்குள் சுதந்திர நகரமாகி, பிறகு அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டது. துறைமுகம் பாதி கட்டியபடி.

9 கட்டத்துக்குள் இருக்கிற மக்கள்தொகைதான் இழுக்கும். கரையோரச் சங்கிலி நீளமானது, மெல்லியது. நுனியில் இருக்கிற நகரத்துக்குத் தன் ஆட்கள் ஒரு பக்கம் மட்டும்தான். அப்படியான இடத்தில் இரண்டு நகரத்தைச் சேர்த்தே வையுங்கள், ஓர் ஆளுநரை உடனே இருத்துங்கள், சுற்றுக்கு 8 விசுவாசம் கூடும். நினைவுச்சின்னத்தையும் முதலே வாங்கிவிடுங்கள்.

டைடோவின் பினீசியாவில் இந்தக் கவலை குறைவு. தலைநகர் இருக்கிற கண்டத்தில் அவள் வைக்கிற கரை நகரங்களுக்கு விசுவாசம் முழுமையாக நிற்கும். அவளுடைய துறைமுகம் அரை விலை, அது உள்ள நகரத்தில் செட்லர் 50% விரைவாக வரும். கரையோரமாகவே போக வேண்டும் என்று மனம் கேட்டால் அவளை எடுங்கள் தம்பி. மாவோரி வேறு மாதிரி, முதல் சுற்றிலேயே நடுக்கடலில் நிற்பார்கள். எனக்கு அது படபடப்பாக இருக்கும், கரை காணும்வரை.

2023 ஒக்டோபர் 3

மூதூர் மச்சான் விசுவாசக் கதையைப் படித்துவிட்டு “நொக்ஸைப் பிடிச்ச இடம் எங்கட இடம்” என்று எழுதியிருக்கிறான். சரியாகச் சொன்னான். புயலில் பாய்மரம் போன கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் 1660 இல் பிடித்துக்கொண்டு போனார்கள். ராபர்ட் நொக்ஸ் தப்பி வெளியே வர 19 வருடம் பிடித்தது. கடலில் யார் பெரியவனாக இருந்தாலும், கரையிலிருந்து ஒரு நாள் நடை உள்ளே போனால் அங்கே வேறொருவரின் இழுவை.

2023 ஒக்டோபர் 22

காவல். இதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். காட்டுமிராண்டிகளின் கலங்கள் முதல் சுற்றுக்களில் மீன் படகுகளை உடைத்துவிட்டுப் போகும். இரண்டு கேலிக் கப்பலாவது செய்யுங்கள், அதற்குக் கப்பல் கட்டும் கல்வியின் யுரேக்காவும் கிடைக்கும். கடற்படைக்கான மரிடைம் இண்டஸ்ட்ரீஸ் அட்டையைப் போட்டால் பாதி நேரத்தில் வரும்.

பெரிய ஆபத்து ஃப்ரிகேட் போர்க்கப்பல் வரும் காலம். தூரத்தில் நின்று அடிக்கும், மதில் இல்லாத கரை நகரம் இரண்டு மூன்று சுற்றில் போய்விடும். 1782 இல் எங்கள் ஊர் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் கைக்குப் போயிற்று. எட்டு மாதத்தில் மூன்று கொடி. கோட்டை இருந்தும் அப்படி. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டை வாசலால்தான் நுழைகிறோம், மான்கள் படுத்திருக்கிற மர நிழலால் நடக்கிறோம். மேலே ஏறி நின்று கடலைப் பார்த்தால் ஒவ்வொரு கரை நகரத்துக்கும் மதில் ஏன் வேண்டும் என்று எனக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

2023 நவம்பர் 19

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. தோணிகள் எல்லாம் மேலே ஏற்றியாயிற்று, ஐஸ் கொம்பனியிலும் வேலை குறைவு. ஒரு திருத்தம் மட்டும்: கடலுக்கு உற்பத்தி வராது என்று ஓகஸ்டில் ஒரேயடியாக எழுதிவிட்டேன். துறைமுகத்தின் ஒட்டுப் பலன் எவ்வளவோ அவ்வளவு உற்பத்தியைக் கப்பல் பட்டறை தரும். 5 பொன் துறைமுகம் என்றால் 5 சுத்தியல். ஆக்லாந்து நகர அரசின் ஆதரவு கிடைத்தால் வேலை செய்கிற ஒவ்வொரு ஆழமில்லாக் கடல் கட்டமும் 1 உற்பத்தி. பொற்காலத்தில் ஃப்ரீ இன்குவைரி என்ற தெரிவை எடுத்தால் அதே ஒட்டுப் பலன் அறிவியலாகவும் வரும். ஆக, கரை நகரம் பிந்திப் பழுக்கிற மரம். பட்டறை வரும்வரை முதுகு தாங்க வேண்டும்.

2023 டிசெம்பர் 26

இன்று காலை கடற்கரையில் விளக்கேற்றிவிட்டு வந்தோம். சுனாமி வந்து 19 வருடம்.

ஆட்டத்தின் கேதரிங் ஸ்டோர்ம் என்ற விரிவுத் தொகுப்பில் கடல் மட்டம் உயரும். கரையோரத் தாழ்நிலங்கள் 1, 2, 3 மீற்றர் என்று குறிக்கப்பட்டிருக்கும். முதலில் வெள்ளம் வரும், கட்டினது பழுதாகும், பிறகு கட்டமே கடலுக்குள் போய்விடும். வெள்ளத்தடுப்பு கட்ட கணினிக் கல்வி வர வேண்டும், கடல் ஏற ஏற அதன் விலையும் ஏறும். 12 கரை நகரம் வைக்கிறவருக்கு இது சின்ன விசயம் அல்ல. பலர் அந்த ஒரு மீற்றர்க் கட்டத்தில் கல்விக்கூடம் வைக்கிறார்கள், ஆட்டம் முடிவதற்குள் கடல் வராது என்று.

நான் வைப்பதில்லை. அம்மம்மா வீட்டுக் குசினிச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு இருந்தது, பழுப்பு நிறம், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, கீழே வேறு நிறம். எத்தனை தரம் பூசினாலும் மழைக்காலத்தில் மறுபடி தெரியும். அம்மம்மா அந்தச் சுவரில் ஒன்றும் கொழுவ விடமாட்டா. ஆட்டத்தில் அந்த ஒரு மீற்றர்க் கட்டத்தைக் கண்டால் என் கை தானாக அடுத்த கட்டத்துக்குப் போகும். இரண்டு பொன் குறைந்தாலும் பரவாயில்லை. மீன் படகு வைக்கலாம், வயல் வைக்கலாம், ஆட்கள் படிக்கிற இடத்தையும் இருக்கிற இடத்தையும் உள்ளே வையுங்கள்.

2024 ஜனவரி 14

தம்பி கிங்குக்கு அடுத்த எம்பரர் லெவலில் வென்றுவிட்டார், டைடோவோடு, அறிவியல் வெற்றி. 11 நகரம். அதில் எட்டு கரை, மூன்று உள்ளே. ஒன்பதாவது நகரத்தை எங்கே வைத்தார் என்று பார்க்கத் தந்த கோப்பைத் திறந்தேன். ஆற்றோரம், கரையிலிருந்து இரண்டு கட்டம் உள்ளே, சுற்றிவரக் குன்று. அந்த நகரத்துக்குப் பெயரை மாற்றித் “தம்பலகாமம்” என்று போட்டிருக்கிறார். எங்களுக்கு நெல்லு வருகிற ஊர்.

கொப்பியைத் தங்கச்சியின் மகளிடம் காட்டினேன். பொங்கலுக்கு வந்திருந்தாள். “அது நான் வைச்ச இடம்” என்றாள்.